ஒட்டுப் பிடித்த பிறகு

என் சித்தப்பாவுக்கு வைத்த சிறுநீரகம் ஐந்தாம் ஆண்டில் பழுதுபடத் தொடங்கியதற்கு நான் சொன்ன ஓர் உவமைதான் காரணம் என்று நினைக்கிறேன். வீட்டில் யாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. அவர் வாழ்நாளில் யார் பேச்சைக் கேட்டு நடந்திருக்கிறார் என்று என் மனைவி திருப்பிக் கேட்கிறாள்; நியாயமான கேள்விதான். சித்தி ஒன்றும் சொல்வதில்லை. சிறுநீரகத்தைக் கொடுத்தவர் அவர்தான்.

நான் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறவன். உவமை சொல்லாமல் பாடம் நடத்தத் தெரியாது. சொல்லிச் சொல்லி அது வகுப்புக்கு வெளியிலும் தொற்றிக்கொண்ட பழக்கம். அறுவைக்கு முந்தின நாள் மாலை, வேலூர் காந்தி ரோட்டுக்குப் பின்புறம் ஒரு லாட்ஜில் எங்களுக்கென எடுத்திருந்த அறையில் உட்கார்ந்து, சித்தப்பாவைப் பார்க்கப் போவதற்காகப் பார்வை நேரத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வேலூர் லாட்ஜ்களை அறிந்தவர்களுக்கு அந்த அறையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பக்கத்து அறையில் வங்காளத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் கடுகெண்ணெயில் மீன் வறுத்துக்கொண்டிருந்தது. மாடிப்படியில் யாரோ அறிக்கைக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். மருத்துவமனைக்குப் போனபோது சித்தப்பா கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கத்திக்கு அவர் பயப்படவில்லை. "அவளுது எனக்குள்ள எப்டிப்பா இருக்கும்? வேற ஒடம்பு ஆச்சே" என்றார். அதுவே அவரை அரித்துக்கொண்டிருந்தது.

குடியாத்தத்துக்கு மேற்கே அவருக்கு மூன்றரை ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. பங்கனப்பள்ளியும் பெங்களூராவும் பெரும்பகுதி. வரப்போரம் சில நீலம். எல்லாம் அவர் கையால் ஒட்டுக்கட்டி எழுப்பியவை. அக்கம்பக்கத்துக்கும் கன்று கட்டிக் கொடுப்பார். ஆகவே எனக்கு வாயில் வந்தது அதுதான். "வேர்ச்செடி வேறே, மேலே வைக்கிற தண்டு வேறே. ஒட்டுப் பிடித்துக்கொண்டால் ஒரே மரம். உங்களுக்குத் தெரியாததா சித்தப்பா?" அவர் முகம் தெளிந்துவிட்டது. அன்றிரவு அவர் நன்றாகத் தூங்கினார் என்று சித்தி பிறகு சொன்னார். நான் ஏதோ பெரிய உதவி செய்துவிட்டதாக நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒட்டுப் பிடித்தது. டயாலிசிஸ் நின்றது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் இரத்தத்தில் ஏறும் கழிவாகிய கிரியாட்டினின் 1.3இல் வந்து நின்றது. இரண்டாம் ஆண்டு அவர் தோப்புக்குப் போய்வரத் தொடங்கினார். மண்ணையும் எருவையும் தொடக்கூடாது என்று சொல்லியிருந்ததால் கட்டிலைப் போட்டுக்கொண்டு ஆட்களை வேலை வாங்கினார். ஐந்தாம் ஆண்டு மாங்காய்ப் பருவம் முடிந்த கையோடு பரிசோதனைக்குப் போனபோது கிரியாட்டினின் 2.4 என்று வந்தது. மருத்துவர் மிகவும் இளையவர். வைத்த சிறுநீரகத்தை உடம்பு விலக்காமலிருக்க நாள்தோறும் விழுங்க வேண்டிய மாத்திரையை நிறுத்தினீர்களா என்று அவர் கேட்கவில்லை. எந்த வேளை மாத்திரையை விட்டீர்கள் என்று கேட்டார். எதையும் விடவில்லை என்றார் சித்தப்பா. இரத்தத்தில் மருந்தின் அளவு இருக்க வேண்டியதில் கால்பங்குகூட இல்லை என்று தாள் சொன்னது. அப்போதுதான் சித்தி மெதுவாக, "வாங்கின மாத்திர மீந்துகினே இருக்குது. கேட்டா, கடக்காரன் சேத்துக் குடுத்துட்டான்றாரு" என்றார்.

வெளியே வந்ததும் நடைவழியில் வைத்தே நான் கத்தினேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. சித்தியின் உடம்பைக் கிழித்து எடுத்ததை நீங்கள் என்று தொடங்கும் ஒரு வாக்கியம் அதில் இருந்தது. அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நீதானப்பா சொன்ன, ஒட்டு மாதிரின்னு. ஒட்டு புடிச்சிக்கினா கட்ட அவுத்துடணுமா வேணாமா?"

மாங்கன்று கட்டியவர்களுக்கு இது புரியும். வேர்ச்செடியில் தண்டைச் செருகிப் பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றுவோம். துளிர் வந்து, இணைப்பு கெட்டிப்பட்டதும் நாடாவை அவிழ்த்துவிட வேண்டும். அவிழ்க்காமல் விட்டால் தண்டு பருக்கப் பருக்க நாடா பட்டைக்குள் புதைந்து அறுக்கும். கட்டுக்கு மேலே வீங்கி, கட்டு இருக்கும் இடத்தில் மெலிந்து, ஒரு காற்றில் அங்கேயே முறிந்துவிடும். சித்தப்பாவின் கணக்கில் மாத்திரைதான் கட்டு. நாலாம் ஆண்டில் அவருக்குச் சர்க்கரை வந்தது. கை நடுங்கத் தொடங்கி, ஒட்டுக்கத்தியைப் பிடிக்க முடியாமல் போயிற்று. கட்டு அறுக்கத் தொடங்கிவிட்டது என்று அவர் முடிவு செய்தார். அதையும் அவர் முரட்டுத்தனமாகச் செய்யவில்லை. இளங்கன்றுக்கு அவிழ்ப்பதைப் போல, முதலில் ஒன்றுவிட்டு ஒருநாள் மாலை வேளையை விட்டார். ஒன்றும் ஆகவில்லை என்று கண்டபின் மாலை வேளையை முழுக்க விட்டார். பிறகு காலையிலும் பாதி. பள்ளிக்கூட ஆய்வகத்தில் என் மாணவர்கள் இவ்வளவு ஒழுங்காகப் படிப்படியாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

எனக்குப் பதில் இல்லை. ஒட்டு என்பதை இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தவனுக்கு, மாமரம் ஏற்றுக்கொள்வதை மனிதன் ஏன் ஏற்றுக்கொள்வதில்லை என்ற கேள்விக்கு ஒரு வரிகூடச் சரியாகச் சொல்ல வரவில்லை. அதற்குப்பின் வந்த மாதங்களில் நான் படித்ததெல்லாம் அந்த நடைவழிக்குப் போய்ச் சொல்லவேண்டிய பதிலைத் தேடித்தான்.

கிளாஸ்கோவில் ஒரு பெண்ணின் தோல்

தேடியபோது எல்லாப் பாதைகளும் பீட்டர் மெடாவரிடம் போய் நின்றன. பிரேசிலில் 1915இல் பிறந்து இங்கிலாந்தில் படித்த விலங்கியலாளர். 1940இல் ஆக்ஸ்ஃபோர்டில் அவர் வீட்டுக்கு அருகே ஒரு போர்விமானம் விழுந்து நொறுங்கியது. உடலின் பெரும்பகுதி வெந்துபோன விமானி ஒருவரைப் பார்க்குமாறு மருத்துவர்கள் அவரை அழைத்தார்கள். மூடுவதற்கு அவருடைய சொந்தத் தோல் போதவில்லை. பிறருடைய தோலை வைத்தால் ஏன் நிற்பதில்லை என்ற கேள்வி அங்கிருந்து அவரைப் பிடித்துக்கொண்டது. (தோல் என்றவுடன் எங்கள் பக்கத்தில் ஆம்பூரும் பேரணாம்பட்டும் ராணிப்பேட்டையும்தான் நினைவுக்கு வரும். உயிர்போன தோலைக் கெடாமல் காப்பதில் கைதேர்ந்த வட்டாரத்துக்காரனுக்கு, உயிருள்ள தோலைக் காக்க ஒருவர் பட்டபாடு சற்றுக் கூடுதலாகவே உறைக்கிறது.)

பிறகு கிளாஸ்கோவில், தாமஸ் கிப்சன் என்ற அறுவை மருத்துவருடன் சேர்ந்து அவர் செய்த வேலை 1943இல் வெளியாயிற்று. தீக்காயம்பட்ட ஒரு பெண்ணுக்கு, அவருடைய சொந்தத் தோலின் சிறு துண்டுகளையும் அவர் சகோதரருடைய தோலின் சிறு துண்டுகளையும் வைத்தார்கள். முதலில் இரண்டுமே பிடித்துக்கொண்டன. இதை நான் பலமுறை திரும்பப் படித்தேன். சகோதரர் தோலும் பிடிக்கத்தான் செய்கிறது. இரத்தக்குழாய் ஓடுகிறது, நிறம் வருகிறது. எங்கள் தோப்பில் அந்த நிலையில் பார்த்தால் ஒட்டு வெற்றி என்றுதான் சொல்வோம். அதன்பிறகே அது சிவந்து, வீங்கி, கரைந்துபோகிறது. சொந்தத் தோல் நிற்கிறது. சில நாள் கழித்து அதே சகோதரரின் தோலை இரண்டாவது முறை வைத்தார்கள். இம்முறை அது நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை. முதல் முறையைவிட மிக விரைவில் அழிந்தது.

தையலிலோ கருவியிலோ குறை இருந்தால் இரண்டாம் முறையும் முதல் முறையைப் போலவே நடந்திருக்க வேண்டும். விரைவாக நடந்ததென்றால், நடுவில் அந்த உடம்பு ஏதோ கற்றுக்கொண்டிருக்கிறது. அம்மை ஒருமுறை வந்தால் மறுமுறை வராமல் காக்கிறதே, அதே கல்விதான் இது என்று மெடாவர் முயல்களில் தொடர்ந்து செய்த சோதனைகளால் நிலைநாட்டினார். நிராகரிப்பு என்று நாம் சொல்வது, நம்மை ஆயிரம் நோயிலிருந்து காப்பாற்றிய அதே ஞாபகசக்தியின் வேலை.

எனக்கு வேண்டிய முதல் பதில் இதில் கிடைத்துவிட்டது. மாமரத்துக்கு இந்த ஞாபகம் கிடையாது. அதற்கும் பூஞ்சையையும் கிருமியையும் தடுக்கும் வழிகள் உண்டு. ஆனால் உடம்பெங்கும் சுற்றி வந்து, வந்தவர் முகத்தைப் பார்த்து, அதை வருடக்கணக்கில் நினைவில் வைத்திருக்கும் வெள்ளணுக்கள் அதற்கில்லை. மரத்தின் அணுக்கள் சுவருக்குள் சுவராக இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அதனால்தான் நெருங்கிய இனம் என்றால் அது சேர்த்துக்கொள்கிறது. சேர்ந்த பிறகும் இரண்டும் ஒன்றாவதில்லை என்பதை நான் சித்தப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும், அவருக்கும் தெரிந்ததுதான். இணைப்புக்குக் கீழே கிளம்பும் துளிரை அவர் ஏன் கிள்ளிப்போடுகிறார்? அது நாட்டு மாங்காய் காய்க்கும் என்பதால். நாற்பது ஆண்டு நின்ற மரத்திலும் கீழே இருப்பது கீழே இருப்பதுதான், மேலே இருப்பது மேலே இருப்பதுதான்.

கூடப் பிறந்த கன்றுகள்

மெடாவரின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மாட்டுக்கொட்டகையில் நடக்கிறது. 1948இல் ஸ்டாக்ஹோமில் நடந்த மரபியல் மாநாட்டில் கால்நடை ஆய்வாளர் ஒருவர் அவரிடம், இரட்டைக் கன்றுகளில் ஒரே கருவிலிருந்து பிரிந்தவை எவை, இரு கருக்களிலிருந்து வந்தவை எவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டாராம். அது மிகவும் எளிது, ஒன்றின் தோலை மற்றதில் வைத்துப் பாருங்கள், ஒரே கரு என்றால் பிடிக்கும், இல்லையென்றால் உதிரும் என்று மெடாவர் சொல்லிவிட்டார். பிறகு தாமே போய்ச் செய்துகாட்ட வேண்டியதாயிற்று. செய்தபோது அவர் வாக்கு பொய்த்தது. ஏறக்குறைய எல்லா இரட்டைகளும் ஒன்றின் தோலை மற்றது ஏற்றுக்கொண்டன. ஒன்று காளை, ஒன்று கிடாரி என்று கண்ணுக்கே வேறாகத் தெரிந்த இரட்டைகளும் ஏற்றுக்கொண்டன.

காளைக்கன்றோடு கூடப் பிறந்த கிடாரி சினை பிடிக்காது, அதை வளர்த்துப் பயனில்லை என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இரண்டும் கருப்பையில் இருக்கும்போதே நஞ்சுக்கொடிகளின் இரத்தக்குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்துவிடுவதே காரணம். அந்த இணைப்பின் வழியாக இரத்தம் உண்டாக்கும் அணுக்களும் மாறிப் போய்க் குடியேறிவிடுகின்றன என்பதையும், அவை ஆயுள் முழுக்க அங்கேயே இருக்கின்றன என்பதையும் அமெரிக்காவில் விஸ்கான்சினில் ரே ஓவன் என்பவர் 1945இலேயே எழுதியிருந்தார். மெடாவர் அதைப் பிறகுதான் படித்தார். பிறப்பதற்கு முன்பே வந்துவிட்ட அந்நியரை உடம்பு அந்நியராகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் பர்னெட் இதை ஊகமாகச் சொல்லியிருந்தார். மெடாவரும் அவருடன் வேலை செய்த பில்லிங்ஹாமும் பிரெண்ட்டும் கருவிலிருந்த எலிக்குஞ்சுகளுக்கு வேறோர் இன எலியின் அணுக்களைச் செலுத்தி, அவை பிறந்து வளர்ந்தபின் அதே இனத்தின் தோலை வைத்துப் பார்த்தார்கள். தோல் நின்றது. எந்த மருந்தும் இல்லாமல் நின்றது. 1953இல் நேச்சர் இதழில் அது வெளியாயிற்று. 1960இல் மெடாவருக்கும் பர்னெட்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஓவனுக்குக் கிடைக்கவில்லை. தமக்குக் கிடைத்ததில் அவருக்குப் பங்கிருக்க வேண்டும் என்று மெடாவரே அவருக்குக் கடிதம் எழுதினார்.

இந்தச் சோதனையைப் பற்றி ஆக்ஸ்ஃபோர்டில் மெடாவர் சொற்பொழிவாற்றியபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்களுள் ராய் கால்ன் என்ற இளம் மருத்துவரும் ஒருவர். இதனால் நோயாளிகளுக்கு ஏதாவது பயனுண்டா என்று ஒரு மாணவர் கேட்டதற்கு, அறவே இல்லை என்று மெடாவர் ஒற்றை வரியில் பதில் சொன்னதைக் கால்ன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். மனிதனைக் கருவிலேயே தயார் செய்து வைக்க முடியாது, பிறந்து வளர்ந்து சிறுநீரகம் கெட்டு வந்து நிற்பவரிடம் இந்த வித்தை செல்லாது என்பதால் அது நேர்மையான பதில்தான். ஆனால் அந்த வரியைப் படித்த நாளில்தான் சித்தப்பாவின் மேல் எனக்கிருந்த கோபம் இறங்கத் தொடங்கியது. எலிக்கு நடந்ததைத்தான் அவர் தமக்கு நடந்துவிட்டதாக நம்பினார். ஐந்தாண்டு ஒரே வீட்டில் இருந்தாயிற்று, இனி அது என்னுடையது, காவல் வேண்டாம் என்பது அவருடைய அறியாமை என்று நான் கத்தினேன். உறுப்பு மாற்றுத் துறை தொடங்கிய நாளிலிருந்து அந்தத் துறையினர் விரும்பித் தேடிக்கொண்டிருப்பதும் அதே ஒன்றைத்தான். அவர்கள் கண்டடையும் முன்பே அவர் கண்டடைந்துவிட்டதாக எண்ணினார் என்பதே வேறுபாடு.

காவலன் கையிலிருந்த பறை

அந்நியத் திசுவை உடம்பு தானாகவே சேர்த்துக்கொள்ளும் ஏற்புத்தன்மையை உண்டாக்க முடியாத இடத்தில் மருந்து வந்து உட்கார்ந்தது. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசஃப் மரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றுக்கு மருந்து வேண்டியிருக்கவில்லை. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர். அதை உறுதிசெய்ய முன்கூட்டியே ஒருவர் தோலை மற்றவருக்கு வைத்துப் பார்த்தார்கள் என்பதில் மெடாவரின் கை தெரிகிறது. இரட்டையர் இல்லாத மற்ற எல்லோருக்கும் என்ன வழி? கெர்ட்ரூட் எலியனும் ஹிட்சிங்ஸும் புற்றுநோய்க்கென உருவாக்கிய 6-மெர்காப்டோபியூரின் முயல்களில் எதிர்ப்பாற்றலை அடக்குவதை 1959இல் ஷ்வார்ட்ஸும் டேமெஷெக்கும் காட்டினார்கள். அடுத்த ஆண்டே கால்ன் அதை நாய்களின் சிறுநீரக மாற்றில் பயன்படுத்தினார். அதிலிருந்து அசாதயோபிரின் வந்தது. இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று என்று சொல்லப்படுவது 1971இல் வேலூர் சி.எம்.சி.யில் நடந்தபோது, உலகெங்கும் மருத்துவர்களின் கையில் முக்கியமாக இருந்தவை அசாதயோபிரினும் ஸ்டீராய்டும்தாம். அதற்குப்பின் வந்தவற்றில் முக்கியமானவை மண்ணின் கொடை. நார்வே மலைச்சமவெளியின் மண்ணிலிருந்த பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின். ஜப்பானின் சுகுபா மலையடிவார மண்ணிலிருந்து 1984இல் டாக்ரோலிமஸ். ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து சிரோலிமஸ். கடைசியாகச் சொன்னதைக் கண்டெடுத்தவர்களுள் முதன்மையானவர் சுரேன் சேகல். வேலை பார்த்த நிறுவனம் ஆய்வைக் கைவிட்டபோது அந்த நுண்ணுயிரை வீட்டுக் குளிர்பெட்டியில் பத்திரப்படுத்தியவர். மண்ணைத் தொடாதே என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு மண்ணிலிருந்து எடுத்ததையே இரண்டு வேளையும் தின்னச் சொல்கிறோம்.

உவமை சொல்ல இப்போது எனக்குப் பயமாயிருக்கிறது. ஆனாலும் டாக்ரோலிமஸ் வேலை செய்யும் விதத்தை அவருக்கு எப்படியாவது சொல்ல வேண்டியிருந்தது. டி-அணு என்ற வெள்ளணு அந்நிய அணுவைத் தொட்டவுடன் அதற்குள் கால்சியம் ஏறும். அது கால்சினூரின் என்ற நொதியை எழுப்பும். அதன் தொடர்ச்சியாக இன்டர்லூக்கின்-2 என்ற அழைப்பு வெளியே போகும். அழைப்பைக் கேட்டு அந்த அணுக்கள் பெருகித் திரளும். டாக்ரோலிமஸ் ஒரு புரதத்தோடு சேர்ந்துகொண்டு கால்சினூரினை அடைத்துவிடுகிறது. பார்ப்பது நடக்கிறது, அழைப்பது நடக்கவில்லை. "ராக்காவல்காரன் ஆளப் பாத்துட்டான் சித்தப்பா, ஆனா அவன் பறைத்தோல் ஈரமாயிருக்குது, தட்டினா சத்தம் வரல. மாத்திரைதான் ஈரம். பன்னிரண்டு மணி நேரத்துல காய ஆரம்பிச்சுடும்" என்றேன். தீயில் காட்டினால்தான் பறை ஒலிக்கும் என்பது அவருக்குத் தெரியும். சற்று யோசித்துவிட்டு, "அப்ப நெஜமாவே திருடன் வந்தா?" என்றார். சரியான கேள்வி. காசநோய் மலிந்த நம் ஊரில் உறுப்பு மாற்றுக்கொண்டவர்களை மருத்துவர்கள் மிகவும் அஞ்சிக் கவனிப்பது அதனால்தான். அதிலும் ஒரு கொடுமை, காசநோய்க்கான முதன்மை மருந்தாகிய ரிஃபாம்பிசின் கல்லீரலின் நொதிகளைத் தூண்டி டாக்ரோலிமஸை இரத்தத்திலிருந்து வேகமாகக் கழித்துவிடுகிறது. ஒன்றைக் காக்கப் போனால் மற்றது போகும். மறுபுறம் பம்பளிமாஸ் பழம் அதே நொதியைத் தடுத்து மருந்தின் அளவை ஏற்றிவிடுகிறது; எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற பம்பளிமாஸ் மரத்தின் பழங்கள் இப்போது முழுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போகின்றன.

கட்டு அறுக்கிறது என்று அவர் சொன்னதும் பொய்யில்லை. அதைத்தான் நான் நடைவழியில் கேட்க மறுத்தேன். கை நடுக்கம் டாக்ரோலிமஸின் பக்கவிளைவு. சர்க்கரையும் அதனாலும் ஸ்டீராய்டாலும் வருவது. எல்லாவற்றையும்விட, சிறுநீரகத்தைக் காப்பதற்கென்று கொடுக்கும் அந்த மருந்தே அளவு கூடினால் சிறுநீரகத்தின் நுண் இரத்தக்குழாய்களைச் சுருக்கிக் கெடுக்கும், ஆண்டுக்கணக்கில் தழும்பேற்றும். இதனால்தான் இரத்தத்தில் நானோகிராம் கணக்கில் அளந்து, ஏற்றியும் இறக்கியும் கொடுக்கிறார்கள். கட்டை முழுக்க அவிழ்த்தும் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. கல்லீரல் மாற்றிக்கொண்டவர்களில் ஓரளவும், சிறுநீரகத்தில் மிக அரிதாகவும், மருந்தை நிறுத்திய பின்னும் உறுப்பு நிற்கிறது. கொடுத்தவருடைய எலும்பு மஜ்ஜையையும் சேர்த்து வைத்து, ஓவனின் கன்றுகளுக்குக் கருவில் நேர்ந்ததை வளர்ந்த மனிதனிடம் செயற்கையாக நிகழ்த்தும் முயற்சி பாஸ்டனில் நடந்து, சில நோயாளிகள் மருந்தில்லாமல் இருப்பதாக 2008இல் அறிவித்தார்கள். ஆனால் யாருக்கு அவிழ்க்கலாம், யாருக்கு அவிழ்த்தால் முறியும் என்று முன்கூட்டிச் சொல்லும் கண் இன்னும் வரவில்லை. கன்றின் இணைப்பை விரலால் தடவிப் பார்த்து அவர் சொல்லிவிடுகிறாரே, அந்தக் கண்.

சித்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கணவன் மனைவிக்குள் திசுப்பொருத்தம் பொதுவாக இருப்பதில்லை. தாயும் பிள்ளையும் பாதி பொருந்துவார்கள், உடன்பிறந்தவர்கள் நான்கில் ஒரு வாய்ப்பில் முழுக்கப் பொருந்துவார்கள், ஆனால் கட்டிக்கொண்டு வந்தவள் அந்நியந்தான். எங்கள் வீட்டில் நெருங்கிய உறவுக்குள் கட்டும் வழக்கமும் இல்லை. இதைவிட எனக்குப் புதிதாக இருந்தது இன்னொன்று. பிள்ளை பெற்ற பெண்ணின் உடம்பு, பிள்ளைகள் வழியாகக் கணவனின் அடையாளங்களை ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டிருக்கிறது. பாதி அந்நியமான குழந்தையைப் பத்து மாதம் சுமந்து விலக்காமல் வைத்திருக்கும் கருப்பை எப்படி அதைச் செய்கிறது என்பது மெடாவரே எழுப்பிய கேள்வி. சுமந்து இறக்கியபின் அந்தப் பெண்களில் பலருக்கு அந்த அடையாளங்களுக்கு எதிரான எதிர்ப்புப்பொருள் இரத்தத்தில் தங்கிவிடுகிறது. ஆகவே சித்தப்பா சித்திக்குக் கொடுக்க நேர்ந்திருந்தால் முன்பரிசோதனையிலேயே கூடாதென்று சொல்லியிருக்கவும் கூடும். அப்பரிசோதனையில் எதிர்ப்பு தெரிந்தால் வைத்த உறுப்பு பெரும்பாலும் உடனே கெட்டுப்போகும் என்பதை டெராசாகியும் பட்டேலும் 1969இல் காட்டினார்கள். சித்தியிடம் இதைச் சொன்னேன். "அவரால எனக்குக் குடுக்க முடியாதுன்றியா" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அது எதற்கான சிரிப்பு என்று எனக்குத் தெரியும், எழுதப் போவதில்லை.

பயாப்சியில் நிராகரிப்பு உறுதியாயிற்று. மூன்று நாள் ஸ்டீராய்டை நரம்பில் ஏற்றினார்கள். 2.4 என்பது இறங்கி 1.8இல் நின்றது, 1.3க்குத் திரும்பவில்லை, இனித் திரும்பாது. பறை ஒருமுறை ஒலித்துவிட்டது. ஊர் கூடிக் கலைந்தாயிற்று, ஆனால் முகத்தைப் பார்த்துவைத்தவர்கள் சிலர் இருக்கிறார்கள் என்று அந்த இளம் மருத்துவர் சொன்னார். அதாவது சித்தியின் திசுவுக்கு எதிரான எதிர்ப்புப்பொருள் கொஞ்சம் உருவாகியிருக்கிறது என்பதை, என் உவமையை என்னிடமிருந்தே கேட்டுத் தெரிந்துகொண்டு, சித்தப்பாவுக்கு அப்படிச் சொன்னார். கிளாஸ்கோ பெண்ணின் இரண்டாம் தோலை நான் நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் மறுபடியும் இரத்தம் கொடுக்கப் போனோம். மருந்தின் அளவு மிகக் குறைந்திருக்கும் நேரத்தில், காலை வேளை மாத்திரையை விழுங்குவதற்கு முன் எடுக்க வேண்டும் என்பதால், இப்படி வருகிறவர்கள் எல்லோரும் மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். காட்பாடியிலிருந்து பேருந்தில் வரும்போதே சித்தப்பா பையை இரண்டுமுறை தொட்டுப் பார்த்தார். வரிசை நீண்டிருந்தது. மணி எட்டைத் தாண்டியது. அவர் கேட்டார்: "அந்த எலிங்களுக்கு மாத்திர குடுக்கலையா?"

"இல்லை."

"எத்தினி நாள் நின்னுது?"

"சிலதுக்கு ஆயுசு முழுக்க."

"எலிக்கு ஆயுசு எத்தினி?"

"ரெண்டு ரெண்டரை வருஷம்."

அவர் கணக்குப் போட்டார். "நானு அதுக்கு மேலயே வெச்சிருக்கேன்" என்றார். பெயர் கூப்பிட்டார்கள். உள்ளே போய்க் கையை நீட்டி, குழாய் நிரம்பியதும் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே வெளியே வந்து, என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கினார். கை நடுங்கியது. மூடியை நான் திறந்து கொடுத்தேன்.